எந்தப் பதிப்பு?

பேஜ்மேக்கரில் அடிக்குறிப்பு வசதி கிடையாது. 1990களின் இறுதியில் நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு டி.டி.பி. சென்டரில் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த எங்களுக்கு, அன்றாட வேலையில் பெரும்பங்கு அந்த ஒரு குறையைச் சுற்றியே நடந்தது. வேர்டில் அடிக்குறிப்பு அப்போதே உண்டு. ஆனால் தமிழ் ஆய்வேடு என்றால் பேஜ்மேக்கர்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பக்கம் அச்சுப் புத்தகம்போல வரும். எண்ணைச் சிறிதாக்கி வரிக்குமேல் ஏற்றிவிட்டு, பக்கத்தின் அடியில் தனியாக ஒரு பெட்டி வரைந்து அதில் குறிப்பைத் தட்டுவோம். நெறியாளர் தொடக்கத்தில் ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும். பின்னால் உள்ள பெட்டிகள் எல்லாம் இடம் தவறும், எண்கள் முன்பின்னாகும், இயல் முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டும்.

தமிழ் ஆய்வேடுகளில் குறிப்புகளை இயலின் முடிவில் ‘சான்றெண் விளக்கம்’ என்று மொத்தமாகக் குவித்துவிடும் பழக்கம் பரவியதில் இந்தத் தட்டச்சுச் சிரமத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். எனக்கு அதில் வருத்தம் உண்டு. குறிப்பு பக்கத்தின் அடியில் இருந்தால் படிப்பவர் அந்த இடத்திலேயே சரிபார்த்துவிடுவார். நாற்பது பக்கம் தள்ளிப் போய்விட்டால் யாரும் தேடிப் போவதில்லை.

அந்த வேலையில் எனக்குக் கிடைத்த பேறு, ஆய்வாளர்களின் குறிப்பட்டைகள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, துணிப்பையில் கொண்டுவருவார்கள். நல்ல ஆய்வாளரை அட்டையைப் பார்த்ததும் சொல்லிவிடலாம்: மேல் மூலையில் நூல், பதிப்பாசிரியர், அச்சகம், ஆண்டு, பக்கம், பிரதி எந்த நூலகத்தில் இருக்கிறது என்பதுவரை இருக்கும். சிலருடைய அட்டையில் ‘புறநானூறு, ப. 312’ என்று மட்டும் இருக்கும். மாணவர்களோடு மெய்ப்புப் பார்க்க வருகிற ஒரு மூத்த பேராசிரியர் அப்படிப்பட்ட அட்டையைக் கண்டால் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

“எந்தப் பதிப்பு?”

“கழகப் பதிப்புதான்னு நினைக்கிறேன் ஐயா.”

“நினைக்காதே தம்பி. போய்ப் பார்த்துட்டு வா.”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. 1894இல் உ.வே. சாமிநாதையர் பழைய உரையோடு வெளியிட்ட புறநானூறு வேறு. அந்த உரை 266ஆம் பாட்டோடு நின்றுபோகிறது. 1940இல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியத் தொகுதி வேறு. ஔவை துரைசாமிப் பிள்ளையின் விளக்கவுரையோடு சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் கொண்டுவந்தது வேறு. பாட்டு எண் இவற்றிடையே உறவைக் காப்பாற்றும். பக்க எண் காப்பாற்றாது. உரையை மேற்கோள் காட்டும்போது பதிப்பைச் சொல்லாவிட்டால், யாருடைய கருத்தை எடுத்துப் பேசுகிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

பழைய உரையாசிரியர்களுக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. நச்சினார்க்கினியர் ஒரு வரியை எடுத்துக்காட்டி, ‘என்றார் பிறரும்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். கேட்பவருக்கு அந்த நூல் மனப்பாடம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. மனப்பாடம் அற்றுப்போன காலத்தில் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பிக்க வந்த உ.வே.சா., ஏடு ஏடாகப் புரட்டி அந்த வரிகளின் பிறப்பிடத்தைத் தேடினார். அந்தத் தேடலில் சங்க நூல்களின் சுவடிகள் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தன. நூல் தெரிந்த மேற்கோள்களுக்கு இடம் காட்டினார். இடம் தெரியாதவற்றையும் மறைக்காமல் தந்தார். கணினி என்ற சொல்லே இல்லாத நாளில் ஒருவர் தனி ஆளாகச் செய்த வேலை அது. மேற்கோள் மேலாண்மை என்று இன்று யாராவது பேசினால் என் மனம் அவரிடம்தான் முதலில் போகிறது.

வேர்டு 2007 வந்தபோது ‘ரெஃபரன்சஸ்’ என்று ஒரு தனிப் பட்டையே மேலே முளைத்திருந்தது. நூல் விவரங்களை ஒருமுறை படிவத்தில் இட்டால், எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ., சிகாகோ என்று பாணியைத் தேர்ந்தெடுக்க, பட்டியலை அதுவே அமைத்துக் கொடுக்கும். நான் அப்போது முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருந்தேன். தலைப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புகள். யூனிகோடும் கைக்கு வந்திருந்தது. பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளை என்.எச்.எம். கன்வர்ட்டரில் போட்டு மாற்றினோம். மாறிய பிறகுதான், தட்டச்சர்கள் காலங்காலமாகக் கால் குறிக்குப் பதில் ‘ர’வைப் போட்டிருப்பதும், ‘கௌ’வை ‘கெ’, ‘ள’ என்று இரண்டாகத் தட்டியிருப்பதும் வெளிப்பட்டன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கணினிக்கு ‘கௌரி’யும் ‘கெளரி’யும் வெவ்வேறு ஆட்கள்.

பெயரில்தான் பெரிய சிக்கல். படிவம் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டங்களை நீட்டியது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஊரும் தந்தையும் முன்னெழுத்தாக நிற்க, அவரவர் பெயரே பெயர். வேர்டில் ‘கார்ப்பரேட் ஆத்தர்’ என்ற பெட்டியில் குறியிட்டால் மட்டும் பெயரை உடைக்காமல் அப்படியே விட்டது. ஆகவே உ.வே.சா.வை நிறுவனமாகப் பதிந்துதான் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஆங்கிலப் பட்டியல்களிலிருந்து தானாக இறங்கும் பதிவுகளில் இன்னும் மோசம். கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதால், சி.வை. தாமோதரம் பிள்ளையும் எஸ். வையாபுரிப் பிள்ளையும் வெறும் ‘பிள்ளை’ ஆகி ஒரே வரிசையில் நின்றார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்து 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றியவர். மற்றவர் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர். ராஜம் கிருஷ்ணன் ‘கிருஷ்ணன், ஆர்.’ என்று வந்தார். குறிஞ்சித் தேனை எழுதிய பெண்ணின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, அவர் கணவரின் பெயர் நூலாசிரியர் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. இதை நான் சிறிய பிழையாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் மாணவிகளிடம் இந்த ஒன்றை முதலில் சொல்கிறேன்.

சோட்டேரோவை எனக்கு அறிமுகப்படுத்தியவர் வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்துகொண்டிருந்த தோழி. 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாறு மற்றும் புதிய ஊடக மையத்தில் உருவாகி இலவசமாக வெளிவந்த மென்பொருள் அது. வரலாற்றாய்வாளர்கள் தங்கள் தேவைக்குச் செய்ததால் கையெழுத்துப் பிரதி, கடிதம், நேர்காணல், நாளிதழ் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படிவம் இருந்தது. பெயர்க் கட்டத்தின் அருகே ஒரு சிறு பொத்தான். அழுத்தினால் இரண்டு கட்டங்கள் ஒன்றாகிவிடும். ‘சாமிநாதையர், உ.வே.’ என்று நம் நூலகங்கள் எழுதுகிற வடிவத்திலேயே இட்டேன். அது அப்படியே வந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதி பெரிது.

ஆண்டு அடுத்த தொல்லை. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நூல்களின் முகப்புப் பக்கங்களை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். பலவற்றில் ‘விய வருஷம் தை மாதம்’ என்பதுபோல்தான் காலக்குறிப்பு இருக்கும். விய ஆண்டு 1886 சித்திரையில் தொடங்குகிறது. அதன் தை மாதமோ 1887 ஜனவரிக்குப் போய்விடும். ஆண்டின் பெயரை மட்டும் பார்த்து எழுதினால் ஓராண்டு பிசகும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், அச்சகத்தையும் காகிதத்தையும் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவு செய்ய வேண்டும். தேதிக் கட்டத்தில் 1887 என்று இட்டுவிட்டு, முகப்பில் உள்ளதை உள்ளபடி ‘எக்ஸ்ட்ரா’ கட்டத்தில் எழுதிவைப்பது என்று பழகிக்கொண்டேன். பின்னால் வருபவர் என் கணக்கைச் சரிபார்க்க அதுவே வழி.

ஆசிரியர்–ஆண்டு முறையைப் பழைய இலக்கியத்தில் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ‘(தொல்காப்பியர், 2003)’ என்று எத்தனை ஆய்வேடுகளில் பார்த்தாகிவிட்டது! தொல்காப்பியர் 2003இல் எதையும் எழுதவில்லை. மூலத்தைச் சொல்லும்போது நூற்பா எண்ணும் பாட்டு எண்ணும் போதும். அது நம் புலமை மரபே தந்த முறை, பெரும்பாலும் எந்தப் பதிப்பிலும் செல்லும். பதிப்பு விவரம் துணைநூற்பட்டியலில் பதிப்பாசிரியர் பெயரின்கீழ் நிற்கட்டும். பழைய பதிப்பின் மறு அச்சைப் பார்த்திருந்தால், முதற்பதிப்பின் ஆண்டையும் எக்ஸ்ட்ரா கட்டத்தில் அதற்குரிய குறியோடு தரலாம்; ஏ.பி.ஏ. பாணியில் 1894 முன்னாலும் மறு அச்சின் ஆண்டு பின்னாலுமாகச் சாய்கோட்டுக்கு இருபுறமும் வரும்.

நான் தொடங்கிய காலத்தில் சோட்டேரோவின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆகவே தமிழ் ஆய்வேட்டின் நடுவில் ‘எட்.’, ‘அண்ட்’, ‘இபிட்.’ ஆகியவை ஆங்கில எழுத்திலேயே வந்து விழுந்தன. பாணிகள் எல்லாம் சி.எஸ்.எல். என்ற மொழியில் எழுதப்பட்ட வெறும் உரைக்கோப்புகள். அதைத் தொடங்கியவர் புரூஸ் டார்கஸ் என்ற புவியியல் பேராசிரியர். அந்தக் கோப்புகளைப் படித்து மேற்கோளாக மாற்றும் நிரலை எழுதிய ஃபிராங்க் பென்னட், ஜப்பானின் நகோயாவில் சட்டம் கற்பித்தவர். ஒரே பெயரைப் பல எழுத்துகளில் வைத்துக்கொள்ளும் சோட்டேரோ வடிவத்தையும் அவர் உருவாக்கினார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாணிகள் பொதுவில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். நிரலர் அல்லாதவர்கள் செய்துவைத்த வேலை என்பதே எனக்குத் துணிவு தந்தது. கோப்பைத் திறந்து பார்த்தேன். தலைப்பகுதியில் ஒரு சிறு தொகுதியைச் சேர்த்து, ‘பதி.’, ‘மற்றும்’, ‘மேலது’, ‘மற்றும் பிறர்’, ‘ப.’, ‘பக்.’ என்று தமிழில் எழுதிவிட்டால் போதுமாக இருந்தது. சேமித்துவிட்டு வேர்டில் புதுப்பித்தபோது இயல் முழுவதும் ஒரே நொடியில் தமிழாயிற்று.

அகரவரிசையை மட்டும் கடைசிவரை கண்ணால் பார்த்தேன். யூனிகோடு எண்வரிசைப்படி அடுக்கினால் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ வந்துவிடும். கனகசபை கமலாவுக்கு முன்னால் போய்விடுவார். ‘ஜ’ என்பது ‘ச’வுக்குப் பின்னால் நுழைந்துகொள்ளும். நம் அகராதி வரிசை வேறு. இதை அறிந்து அடுக்கும் நிரல்களும் உண்டு. ஆனால் எந்தக் கணினியில் எது இருக்கிறது என்பதை நம்பி ஆய்வேட்டை ஒப்படைக்க முடியாது.

தமிழாக்கிய பாணிக் கோப்பைக் கேட்டு மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு தம்பி சமர்ப்பிக்க வேண்டிய நேரத்தில் முகம் வாடி வந்து நின்றான்.

“அக்கா, நெறியாளர் மாறிட்டாங்க. இவங்க அடிக்குறிப்பு வேணாம், ஆசிரியர்–ஆண்டு முறையில குடுன்னு சொல்றாங்க. அஞ்சு இயலையும் மறுபடி தட்டணுமே.”

“நீ சோட்டேரோவுல போட்டதுதானே?”

“ஆமாக்கா.”

“அப்ப உக்காரு. டீ குடிச்சிட்டுப் போகலாம்.”

ஆவண அமைப்புகளில் பாணியை மாற்றினோம். அடிக்குறிப்புகள் எல்லாம் மேலே ஏறி அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்தன. பதிவுகளை அவன் நூலகத்திலேயே, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இட்டிருந்தான். வேலை அப்போதே முடிந்துவிட்டிருந்தது.

அவனுக்கு ஒன்றைக் காட்டினேன். ஆல்ட் விசையோடு எஃப்9ஐ அழுத்தினால், அடைப்புக்குறிக்குள் உள்ள பெயரும் ஆண்டும் மறைந்து உள்ளே பொதிந்த முழுப் பதிவும் தெரியும். வெளியே தெரிவதைக் கையால் திருத்தினால் அடுத்த புதுப்பித்தலில் திருத்தம் நிலைக்காமல் போகலாம். திருத்தம் எப்போதும் பதிவில்தான் செய்யப்பட வேண்டும். கோப்பைக் கூகுள் டாக்ஸில் ஏற்றித் திரும்ப இறக்கினால் இந்த இணைப்பு அறுந்து வெறும் எழுத்தாகிவிடும். அச்சுக்குக் கொடுக்கும்போது இணைப்பை நீக்கலாம், ஆனால் நகலில்தான் நீக்க வேண்டும். மூலத்தைத் தொடக் கூடாது. வேர்டின் சொந்த வசதியைப் பயன்படுத்துபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: முழு நூற்பட்டியல் அந்தக் கணினியில் தங்கிவிடும், கோப்போடு வருவது அந்த ஆவணத்துக்கான பட்டியல் மட்டும். பென் டிரைவோடு ஊர் ஊராகப் போகிற நம் மாணவர்களுக்கு இது முக்கியம்.

பாணிகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். எம்.எல்.ஏ. 2016இல் எட்டாம் பதிப்பில் முறையையே புரட்டியது. 2019இல் வந்த ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு, நூல் வெளியான ஊரை எழுத வேண்டாம் என்றது. பதிப்பகம் தெரிந்தால் போதும் என்பது அவர்கள் நியாயம். நம் பழைய நூல்களுக்கு அது பொருந்தாது. ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை யாழ்ப்பாணத்திலும் இருந்தது, சென்னையிலும் இருந்தது. ஊரை எடுத்துவிட்டால் அந்த நூல் கடலின் எந்தக் கரையில் அச்சானது என்ற தகவலே போய்விடும். என் பாணிக் கோப்பில் ஊருக்கான வரியை நான் எடுக்கவில்லை. எடுக்கப் போவதும் இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அங்கே மட்டுமே இருந்தவற்றைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம், முன்பே அவற்றைப் பார்த்துப் படித்தவர்கள் தங்கள் நூல்களில் எழுதிவைத்த குறிப்புகள் மட்டும்தான். அதனால்தான் மாணவர்களிடம், பாணி கேட்காத விவரத்தையும் பதிவில் எழுதுங்கள், பிரதியைப் பார்த்த இடத்தையும் எழுதுங்கள் என்கிறேன். ‘நூலகம்’ என்ற இலங்கைத் தமிழ் மின்னூலகத் தளத்தில் பார்த்தால் அதன் நூலக எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

இப்போது வேறு மாதிரியான பட்டியல்கள் வருகின்றன. அண்மையில் ஒரு மாணவி கொண்டுவந்த துணைநூற்பட்டியலில் காற்புள்ளி முதல் சாய்வெழுத்துவரை எல்லாம் ஏ.பி.ஏ. சொன்னபடியே இருந்தன. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கியதாகச் சொன்னாள். அவள் அதை மறைக்கவில்லை. ஒவ்வொன்றாக நூலகப் பட்டியலில் தேடினோம். சிலவற்றில் ஆசிரியர் உண்மை, நூல் இல்லை. சிலவற்றில் நூல் உண்மை, எழுதியவர் வேறு. அவளிடம் நான் கோபப்படவில்லை. பாணி சரியாக இருந்தால் போதும் என்றுதான் அவளுக்கு இதுவரை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

“அப்ப இதையெல்லாம் எடுத்துடட்டுமா அக்கா?”

“கையில புத்தகம் வந்தா வச்சுக்கோ. வராததை எடுத்துடு.”

கிடைத்தவற்றை அலமாரியிலிருந்து இறக்கி, முகப்புப் பக்கத்தைப் பார்த்து அவளே பதிவுகளை இட்டாள். கிடைக்காதவற்றை நீக்கினாள்; அவற்றை நம்பி எழுதிய பத்திகளும் கூடவே போயின. இரண்டாம் இயல் சுருங்கிவிட்டது. சுருங்கியதையே நெறியாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுவாரம், சமாஜப் பதிப்பை எந்த நூலகத்தில் பார்க்கலாம் என்று கேட்டுப் போனில் அழைத்தாள்.